சர்வதேசம், ஜெனிவா, எண்ணெய்க் குதம்: ஜனரஞ்சக அரசியல் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சர்வதேச அரசியலைத் தொடங்கினால் வகுப்பு முடிந்தும் கேள்வி முடியாது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தகப்பன் வாசலில் நின்று கேட்பார். மீன் வாங்கப் போனால் அங்கேயும் ஒருவர் பிடித்துக்கொள்வார். கேள்விகள் பலவிதம் என்றாலும் சுற்றிச் சுற்றி ஓரிடத்தில்தான் வந்து நிற்கின்றன: மக்களின் பெயரால் ஆட்சிக்கு வருகிறவர்கள் நாடுகளுக்கிடையிலான சட்டத்தை என்ன செய்கிறார்கள்? எத்தனை முறைதான் வாயால் சொல்வது என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஜனரஞ்சக அரசியல் என்றால் இலவசமாக அரிசி கொடுப்பதுதானே?

இல்லை. அரிசி கொடுப்பது நல்ல கொள்கையாகவும் இருக்கலாம், கெட்ட கொள்கையாகவும் இருக்கலாம். அது வேறு கணக்கு. நீங்கள் கவனிக்க வேண்டியது "மக்கள்" என்ற சொல்லை. ஒரு பக்கம் கள்ளமில்லாத மக்கள், மறுபக்கம் அவர்களை ஏய்க்கும் மேட்டுக்குடி, மக்களுக்காகப் பேசும் உரிமை எனக்கு மட்டும் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதுதான் ஜனரஞ்சக அரசியல். அவரை எதிர்ப்பவர் எதிர்க்கட்சிக்காரர் ஆகமாட்டார், துரோகி ஆகிவிடுவார். வலதுசாரியும் இப்படிப் பேசுவார், இடதுசாரியும் பேசுவார்.

நம்மூரில் இதை விளக்குவது சுலபம். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. காலையில் மீன் சந்தையில் தமிழில் விலை கேட்டு, சிங்களத்தில் பேரம் பேசி, மூதூர்த் தமிழில் ஏச்சு வாங்கிக்கொண்டு வரலாம். "மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்று கொழும்பில் ஒருவர் முழங்கினால் இங்கே உடனே தோன்றுவது, எந்த மக்கள் என்பதுதான்.

பொலிஸ் இல்லாத சட்டமும் ஒரு சட்டமா?

இப்படிக் கேட்பவரைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். பலநாள் படகுகளில் செய்மதிக் கருவி ஒன்று பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். படகு எந்தக் கடலில் நிற்கிறது என்பதை அது கரைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். பொருத்தியது நம் அரசாங்கம். பொருத்தச் செய்தது வெளியிலிருந்து வந்த நெருக்கடி. ஆழ்கடலில் நடக்கும் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க இலங்கை போதிய அளவு எதுவும் செய்யவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மஞ்சள் அட்டை காட்டியது. 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியில் நம் மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டது. கண்காணிப்பும் தண்டமும் இறுகிய பிறகு 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. பொலிஸ் யாரும் வரவில்லை. சூரை மீனின் விலை வந்து பேசியது, அவ்வளவுதான்.

தண்டனை மட்டும்தான் சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். கரையிலிருந்து 12 கடல் மைல் நம் ஆட்புலக் கடல், 200 கடல் மைல் வரை மீனும் கனிமமும் நமக்கு என்று சொல்வது 1982ஆம் ஆண்டின் கடற் சட்டச் சமவாயம். அதை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும் வரை தலைமை வகித்தவர் ஓர் இலங்கையர், ஷெர்லி அமரசிங்க. இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடி வண்டல் மிகத் தடிப்பானது. கண்டத்திட்டை, அதாவது கடலுக்கடியில் நீளும் நம் நிலப்பகுதியை, பொதுச் சூத்திரத்தால் அளந்தால் இலங்கைக்கு நட்டம். அதனால் அந்தப் பகுதிக்கென்று தனிக் கணக்கு ஒன்றை மாநாட்டின் இறுதி ஆவணத்தில் சேர்க்கவைத்தார்கள். அதை வைத்து 2009 மே மாதம் இலங்கை ஐ.நா.விடம் உரிமை கோரியது. போர்க்கப்பல் அனுப்பிப் பெற்றிருக்க முடியாத ஒன்றை மேசையில் உட்கார்ந்து வாதாடிப் பெற்றோம். சட்டம் பெரியவர்களின் விளையாட்டு என்று சொல்பவர்களிடம் நான் காட்டும் முதல் உதாரணம் இது.

இந்தத் தலைவர்களுக்கு உடன்படிக்கை என்றால் ஏன் ஆகாது?

உடன்படிக்கை காணி உறுதி போன்றது. அப்பா கையெழுத்து வைத்திருந்தால் மகனுக்கும் கட்டுப்பாடு உண்டு. அரசாங்கம் மாறும், அரசு மாறாது. "நேற்றுத்தான் மக்கள் என்னைத் தெரிவுசெய்தார்கள், முப்பது வருடத்துக்கு முன் எவரோ போட்ட கையெழுத்து என்னைக் கட்டுமா?" என்று கேட்பவருக்கு, கட்டும் என்பதே பதில். உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கையை மீற முடியாது என்று 1969 வியன்னா சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது.

2020 செப்டெம்பரில் பிரித்தானிய அமைச்சர் ஒருவர், தங்கள் புதிய சட்டமூலம் சர்வதேசச் சட்டத்தை மீறும்தான், ஆனால் குறிப்பிட்ட, வரையறுக்கப்பட்ட விதத்தில்தான் மீறும் என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார். ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சத் தூரம்தான் வந்தேன் என்று நீங்கள் பொலிஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

உலகத்தில் உண்மையில் எவ்வளவு சேதம்?

பெரிய செய்திகள் எல்லோருக்கும் தெரியும். 2016 ஜூன் வாக்கெடுப்பில் 52க்கு 48 என்ற கணக்கில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போக முடிவெடுத்தது. ட்ரம்ப் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையிலிருந்து வெளியேறினார், பைடன் 2021இல் திரும்பச் சேர்ந்தார், 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே ட்ரம்ப் மறுபடியும் வெளியேறும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதே நாளில் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கும் விடை கொடுத்தார். தேர்தலுக்குத் தேர்தல் வாசலில் போய்வரும் ஒருவரை நம்பி யார் பத்து வருடத் திட்டம் போடுவார்?

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது சத்தமில்லாமல் நடந்த ஒன்று. உலக வர்த்தக அமைப்பின் மேன்முறையீட்டுக் குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு வழக்கைக் கேட்க மூவர் தேவை. ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்குப் புதியவர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை. 2019 டிசெம்பர் 11 முதல் அந்தக் குழுவால் எந்த வழக்கையும் கேட்க முடியாது. எந்த உடன்படிக்கையும் கிழிக்கப்படவில்லை, நாற்காலிகள் காலியாக விடப்பட்டன. இன்று தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். சீனி மானிய வழக்கில் தோற்ற இந்தியா அதைத்தான் செய்தது. முதல் முட்டுக்கட்டை 2016இல், ஒபாமா காலத்தில் போடப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் ஒரே தலையில் கட்டுவதும் ஒருவகை ஜனரஞ்சகம்தான்.

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று வாஷிங்டன் அறிவித்தது. பிறகு பேசிப் பேசி 20 சதவீதத்துக்கு இறங்கியது. வழக்குப் போடும் இடம் வேலை செய்யாதபோது சின்ன நாட்டுக்கு மிஞ்சுவது கெஞ்சுவதுதான்.

வெளியேறிவிட்டால் தப்பிவிடலாமா?

பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி டுட்டர்டேயைக் கேளுங்கள். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஆராயத் தொடங்கியதும் பிலிப்பைன்ஸ் விலகுவதாக 2018 மார்ச்சில் அறிவித்தார். ஒரு வருடம் கழித்தே விலகல் நடைமுறைக்கு வந்தது. அங்கத்துவ நாடாக இருந்த காலத்தில் நடந்தவற்றுக்கு நீதிமன்றத்தின் பிடி விடவில்லை. 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் கைதாகி ஹேக் நகருக்கு அனுப்பப்பட்டார். அவரை அனுப்பிவைத்தது, அவருடைய குடும்பத்தோடு கூட்டணி முறிந்திருந்த புதிய அரசாங்கம். சட்டம் தனியாக நடக்காது. அரசியல் கதவு திறந்தபோது உள்ளே வரத் தயாராகக் காத்திருந்தது.

இலங்கை எதிலிருந்தும் வெளியேறவில்லையே?

அதுதான் நம்முடைய கெட்டித்தனம். இங்கே யாரும் கிழித்தெறிவதில்லை. சட்டத்தைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நம் வேலையை நாம் பார்ப்போம்.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் சேர்ந்தது. தனிநபர்கள் ஐ.நா. குழுவிடம் முறையிட இடம் தரும் நெறிமுறையை 1997இல் ஏற்றது. 2006இல் உயர் நீதிமன்றம், அந்த ஏற்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மக்களின் இறைமையை ஜனாதிபதி தன் கையெழுத்தால் வெளியாருக்குக் கொடுக்க முடியாது என்பது வாதம். அடுத்த ஆண்டே அந்தச் சமவாயத்தின் பெயரில் பாராளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய அதன் 3ஆம் பிரிவு 2019இல் யார்மேல் பாய்ந்தது தெரியுமா? பிக்குகளை அவமதித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறுகதைக்காக ஒரு சிங்கள எழுத்தாளர் ஏறத்தாழ நான்கு மாதம் சிறையில் இருந்தார். பாதுகாப்புக்குக் கொடுத்த தடியால் வீட்டுக்காரனுக்கே அடி.

கொரோனா காலத்து எரிப்பும் இதில் சேருமா?

சேரும். இதைவிடத் தெளிவான உதாரணம் இலங்கையில் இல்லை.

கொரோனாவால் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஏப்ரலில் இலங்கை, எரிப்பது மட்டும்தான் என்று வர்த்தமானி வெளியிட்டது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். உலகத்தின் நிபுணர்கள் சொன்னதை நம்முடைய நிபுணர்கள் மறுத்தார்கள். அதற்குக் கைதட்டல் கிடைத்தது. 2020 டிசெம்பரில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள், கபன் துணியின் அடையாளமாக.

கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த மாதங்களில் மனிதர் பயந்தது நோய்க்கு மட்டும் அல்ல. என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் அப்போது தொலைபேசியில் சொன்னார்: "வாப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார், சேர்." வாப்பா தப்பிவிட்டார். ஆனால் காய்ச்சலை மறைக்கும் ஊரில் நோயைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

2021 பெப்ரவரி 25 அன்று தடை நீங்கியது. ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்தது. பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்து போய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பேரவையில் முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது. நிலத்தடி நீர் திடீரென்று சுத்தமாகிவிட்டது. அதன்பிறகு ஜனாசாக்கள், அதாவது முஸ்லிம்களின் சடலங்கள், புதைப்பதற்காகக் கிழக்கில் உள்ள ஓட்டமாவடிக்குப் போயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

ஜெனிவாவில் இலங்கை பின்வாங்கியதால் என்ன நடந்தது?

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறச் சொல்லி மனித உரிமைகள் பேரவை 2015 ஒக்டோபரில் நிறைவேற்றிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. மக்கள் ஆணை வேறு என்று சொல்லி, 2020 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் ஜெனிவாவுக்கே போய் அனுசரணையை விலக்கிக்கொண்டார். உள்ளூரில் வீரமாகத் தெரிந்தது. மறு ஆண்டு மார்ச்சில் பேரவையின் புதிய தீர்மானம் 46/1 வந்தது: ஆதரவாக 22, எதிராக 11, நடுநிலை 14. கூட்டாளியாக இருந்தபோது சொற்களைப் பேசி மென்மையாக்கலாம். வெளியே போனதும் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறையையே ஏற்படுத்திவிட்டார்கள்.

எண்ணெய்க் குதங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சீனக்குடாப் பக்கம் போனால் காட்டுக்குள் வட்ட வட்டமாகத் துருப்பிடித்து நிற்கின்றனவே, அந்த 99 குதங்களும் ஒரு சர்வதேசக் கடிதத்தில் இருக்கின்றன. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்துப் பாருங்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும் என்று இருக்கும். நம் ஊரின் பெயர் அதில் எழுதப்பட்டபோது நம் ஊரில் யாரையும் கேட்கவில்லை. சர்வதேச உடன்படிக்கைகள் மேட்டுக்குடியின் வேலை என்று ஒருவர் கத்தும்போது அதில் துளி உண்மையும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

அடுத்த முப்பத்தைந்து வருடம் இந்தக் குதங்கள் எண்ணெயைவிட அதிகமாக அரசியலைத்தான் சேமித்தன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குக் குத்தகை. தேசத்தை விற்கிறார்கள் என்று ஊர்வலங்கள். ஆட்சிக்கு வருகிறவர் கையெழுத்திடப் போவார், எதிர்க்கட்சிக்குப் போனவர் மறிக்கப் போவார். கடைசியில் 2022 ஜனவரியில், கையில் டொலர் இல்லாத நேரத்தில், கணக்கு முடிந்தது: 14 குதம் ஐ.ஓ.சி.க்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு.

1987 ஒப்பந்தத்தை ஆயுதம் எடுத்து எதிர்த்தது ஜே.வி.பி. 2025 ஏப்ரல் 5 அன்று, அதே கட்சியிலிருந்து வந்த ஜனாதிபதி முன்னிலையில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை இந்தியாவோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் கைச்சாத்தானது. நான் இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. கையெழுத்து நல்லதாகவே இருக்கலாம். ஆனால் எதிர்க்கட்சியில் இருந்தபோது துரோகம், ஆட்சியில் இருக்கும்போது அபிவிருத்தி என்றால், இடையில் வீணான வருடங்களுக்கு யார் பொறுப்பு? சீனக்குடாவில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து வயது போனவர்களை எனக்குத் தெரியும்.

கச்சதீவை இந்தியா திரும்ப எடுக்குமா?

எடுக்காது. 1974, 1976 உடன்படிக்கைகள் எல்லையைக் கோடு போட்டு முடித்துவிட்டன. ஆனாலும் தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கினால் 285 ஏக்கர் தீவு கடலிலிருந்து மேலே எழும்பும். 2024 மார்ச் கடைசியில் இந்தியப் பிரதமரே அதைப் பேசினார். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சில நாளில் பிரதமர் கொழும்புக்கு வந்து, தீவைத் திருப்பிக் கேட்காமல் போனார். செப்டெம்பர் 1 அன்று நம் ஜனாதிபதி கச்சதீவில் போய் இறங்கினார். அவரும் அரசியல்வாதிதானே.

இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போவது தமிழ்நாட்டுப் படகுகள் கடலடியில் இழுத்துவரும் இழுவை மடி. வடக்கில் நம் மீனவரின் வலையை அறுப்பதும் கடலடியை வழிப்பதும் அதுதான். இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. தீவு யார் கைக்குப் போனாலும் அந்த மடியின் வேலை மாறாது. இரண்டு பக்கமும் தமிழ் பேசும் மீனவர் என்பதால் நம் தலைவர்களும் இதில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்.

தமிழ்க் கட்சிகள் மட்டும் யோக்கியமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்ற வசனம் இல்லாமல் இங்கே ஒரு தேர்தல் கூட்டம் முடிவதில்லை. "சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம்" என்பார்கள். எந்த நீதிமன்றம் என்று சொல்லமாட்டார்கள். சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடுவது நாடுகள் மட்டும். குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. இலங்கை தானாகச் சம்மதிக்காவிட்டால் பெரும்பாலும் பாதுகாப்புச் சபை பாரப்படுத்தினால்தான் வழக்கு வரும், அங்கே ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. மனித உரிமைகள் பேரவையால் ஆதாரம் சேர்க்க முடியும், யாரையும் தண்டிக்க முடியாது. இதை மறைத்து வாக்குக் கேட்பதும் ஜனரஞ்சகம்தான், நம் வீட்டு வகை.

ஆனால் ஜெனிவாவை நோக்கிக் கை நீட்டுபவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கடற்கரையில் இப்போதும் மாலையில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், கடலை விற்கிறார்கள். ஊருக்குள் கதவு அடைபட்டவர் வெளியே போய்த் தட்டுவது இயல்பு.

பெரிய நாடுகளின் இரட்டை வேடம்?

உண்டு. 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து புட்டினுக்குப் பிடியாணை வந்தபோது அது நியாயமானது என்றார் பைடன். மறு வருடம் நெதன்யாகுவுக்குப் பிடியாணை கேட்கப்பட்டபோது அக்கிரமம் என்றார். 2025இல் ட்ரம்ப் அந்த நீதிமன்றத்தின் வழக்குத் தொடுநர்மீதே தடை போட்டார். காஸாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மாணவர்களிடம் சட்டத்தை நம்புங்கள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. தராசு கள்ளம் என்றால் தராசைத் திருத்தச் சொல்வது விமர்சனம். இனிமேல் கண் மதிப்பில் நிறுப்போம் என்பது ஜனரஞ்சகம்.

சர்வதேச நாணய நிதியத்தை எதிர்ப்பது ஜனரஞ்சகமா?

எதிர்ப்பது அல்ல. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டிக் கைதட்டு வாங்கியது ஜனரஞ்சகம். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு நிதியம் ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதம்.

ஐரோப்பாவின் வரிச்சலுகை உடன்படிக்கைகளோடு தொடர்புடையதா?

ஆம். ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகைக்கு 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதை, சிறுவர் உரிமை, குடியியல் உரிமை பற்றிய மூன்றில் தவறியதற்காக 2010 ஓகஸ்டில் பறிபோய் 2017 மேயில் திரும்பியது. இடையில் இருந்தது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் சம்பளம்.

1987 ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருக்கிறதா?

இருக்கிறது. யாரும் ரத்துச் செய்யவில்லை. அதிலிருந்து அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன, இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்குத் திருகோணமலை தலைநகராயிற்று. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று அந்த வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையில் நடத்தச் சட்டம் இல்லை, புதிய முறையில் நடத்த எல்லை இல்லை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், காலையில் அலுவலகம் திறக்கிறது. கிழக்கில் 2012இல் நடந்த கடைசி மாகாண சபைத் தேர்தலில் வாக்களித்த தகப்பன்மாரின் பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாகாண சபை உறுப்பினர் என்றால் யார் சேர் என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள்.